கடல் மேல் பழியைப் போடாதீர்கள்

கப்பலே கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்காதே என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். சரி, வைக்கவில்லை. அப்புறம் அந்தக் கையை எங்கே வைப்பது? அதை யாரும் சொல்லித் தரவில்லை. என்னைக் கேட்டால் தலையில் வைத்துச் சொறிந்துகொண்டு, ‘ஏன் கவிழ்ந்தது?’ என்று யோசிக்கலாம். நமக்கு அந்தப் பழக்கம் மட்டும் வரவே மாட்டேன் என்கிறது.

2025 மே மாதக் கடைசி. விளாத்திகுளத்தில் ஒரு டீக்கடை. கொச்சிக்குப் பக்கத்தில் கப்பல் மூழ்கிய செய்தி டி.வி.யில் ஓடிக்கொண்டிருந்தது. “பருவமழை முந்திருச்சுல்லா, கடல் சும்மா இருக்குமா?” என்றார் ஒருவர். “எல்லாம் நேரம் அண்ணாச்சி. ஆண்டவன் கணக்கு” என்றார் அடுத்தவர். “கேப்டன் தூங்கியிருப்பான்” என்றது மூன்றாவது குரல். செல்போனை நோண்டிக்கொண்டிருந்த ஒரு தம்பி தலையைத் தூக்காமலே சொன்னார்: “இதுல பெரிய சதி இருக்கு. விழிஞ்ஞத்துல துறைமுகம் வந்தது பிடிக்காதவன் வேலை.” ஐந்து நிமிஷத்தில் விசாரணை முடிந்து தீர்ப்பும் வந்துவிட்டது. டீ ஆறவில்லை.

கரிசக்காட்டு ஊருக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்துவிடாதீர்கள். வைப்பாற்றோடு நடந்தால் கடல்தான். வேம்பார், கீழவைப்பார், சிப்பிகுளம் எல்லாம் விளாத்திகுளம் தாலுகா. அங்கே வலை இழுக்கிறவர் வீட்டு மீனைத்தான் இங்கே குழம்பு வைக்கிறார்கள்.

வானிலை, விதி, கேப்டன், சதி. இந்த நாலு பதிலும் டீக்கடையோடு நின்றிருந்தால் நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன். இதே நாலும் கோட்டு போட்டுக்கொண்டு ஆபீஸ்களிலும் கோர்ட்டுகளிலும் உலாவுகின்றன என்பதுதான் விஷயம். அதற்கு வருகிறேன். முதலில் நடந்தது என்ன என்று பார்த்துவிடுவோம்.

கப்பலின் பெயர் எம்.எஸ்.சி. எல்சா 3. 1997-ல் கட்டியது. நீளம் 184 மீட்டர். கொடி லைபீரியா. கம்பெனியின் தலைமை அலுவலகம் ஸ்விட்சர்லாந்தின் ஜெனீவாவில். கேப்டன் ரஷ்யர், மாலுமிகளில் பெரும்பாலோர் பிலிப்பைன்ஸ்காரர்கள். 640 கன்டெய்னர்களோடு மே 23-ம் தேதி விழிஞ்ஞத்தை விட்டுக் கிளம்பி கொச்சிக்குப் போய்க்கொண்டிருந்தது. 24-ம் தேதி மதியம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டோம், உதவி வேண்டும் என்று செய்தி அனுப்பியது. சாய்வு 26 டிகிரி. உங்கள் வீட்டுத் தரை 26 டிகிரி சாய்ந்தால் நீங்கள் நடக்க முடியாது, ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கத்தான் முடியும். 24 பேரும் உயிரோடு மீட்கப்பட்டார்கள். இந்தக் கதையில் சந்தோஷமான வரி அது ஒன்றுதான். மறுநாள் காலை கப்பல் மூழ்கியது.

உள்ளே இருந்தது என்ன? 13 கன்டெய்னர்களில் அபாயச் சரக்கு. அதில் 12-ல் கால்சியம் கார்பைடு. நம் ஊர் மண்டிகளில் சட்டத்துக்குப் பயந்துகொண்டே மாம்பழத்தைப் பழுக்க வைக்கிறார்களே, அந்தக் கல். தண்ணீர் பட்டால் எரிகிற வாயுவைக் கக்கும். அது போய் விழுந்த இடம் கடல்! இது போக டாங்குகளில் 367 டன் உலை எண்ணெய், 84 டன் டீசல். அப்புறம் மூட்டை மூட்டையாகப் பிளாஸ்டிக் குருணை. பிளாஸ்டிக் சாமான் செய்யும் கம்பெனிகளுக்குப் போகிற கச்சாப்பொருள் அது. பார்க்க ஜவ்வரிசி மாதிரி இருக்கும். கேரளக் கரையில் ஒதுங்கி, கன்னியாகுமரிக் கரைக்கும் வந்து, தனுஷ்கோடி வரைக்கும் எட்டிப் பார்த்தது. மணலில் கலந்த ஜவ்வரிசியைப் பொறுக்குவது எப்படி? முறத்தையும் சல்லடையையும் வைத்துக்கொண்டு பொறுக்கினார்கள்.

இப்போது முதல் பதிலை எடுத்துக்கொள்வோம். கடல் கொந்தளிப்பு.

உண்மைதான். அந்த வருஷம் மே 24-ம் தேதியே கேரளத்தில் பருவமழை தொடங்கிவிட்டது. வழக்கத்தைவிட ஒரு வாரம் முந்தி. ஆனால் அன்றைக்கு அரபிக்கடலில் இருந்தது இந்த ஒரு கப்பல்தானா? தென் முனையைச் சுற்றிக்கொண்டு போகிற கப்பல் பாதை ராத்திரி நேரத்து மதுரை ரோடு மாதிரி, போக்குவரத்து ஓயாது. அதே காற்று, அதே அலை, அதே மழை. மற்றவை போய்ச் சேர்ந்தன. ஒன்று சேரவில்லை.

ஒரே வகுப்பு, ஒரே வாத்தியார், ஒரே கேள்வித்தாள். நாற்பது பேர் பாஸ், ஒருவன் ஃபெயில். “கேள்வித்தாள் ரொம்பக் கஷ்டம்ப்பா” என்று அவன் வீட்டில் வந்து சொன்னால் அப்பா என்ன செய்வார்? அதே கேள்வியைத்தான் நான் கடலைப் பற்றிக் கேட்கிறேன். எல்லோருக்கும் பொதுவாக இருக்கிற ஒன்று, ஒருவருக்கு மட்டும் நேர்ந்ததற்குக் காரணமாகாது. அந்த ஒருவரிடம் மட்டும் இருந்தது என்ன, மற்றவர்களிடம் மட்டும் இருந்தது என்ன என்றுதான் தேட வேண்டும். வீடு தீப்பிடித்து எரிந்ததற்குக் காரணம் காற்றில் ஆக்சிஜன் இருந்ததுதான் என்று ஒருவர் சொல்கிறார். பொய்யா? இல்லை. ஆக்சிஜன் இல்லாவிட்டால் எரியாது. ஆனால் இப்படி ரிப்போர்ட் எழுதுகிற தீயணைப்பு அதிகாரிக்குச் சம்பளம் கொடுப்பீர்களா?

அலை அடிக்கும், மழை பெய்யும் என்று தெரிந்துதான் கப்பலைக் கட்டுகிறார்கள். அலையே இல்லாத கடலுக்குக் கப்பல் எதற்கு, கட்டுமரம் போதும்.

இரண்டாவது பதில், நேரம். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. பனங்காட்டில் பிறந்து வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. பழம் பழுத்திருந்தது, காம்பு இற்றுப் போயிருந்தது, விழுந்தது. காக்கை சும்மா வந்து உட்கார்ந்தது. எல்சா மூழ்கி இரண்டு வாரம்தான். ஜூன் 9-ம் தேதி கண்ணூருக்கு நேரே கடலில் வான் ஹாய் 503 என்ற சிங்கப்பூர்க் கொடிக் கப்பல் தீப்பிடித்தது. கொழும்பிலிருந்து மும்பைப் பக்கம் போய்க்கொண்டிருந்த கப்பல். மாலுமிகளில் நாலு பேரைக் காணவில்லை. உடனே ‘கேரளாவுக்கு நேரம் சரியில்லை’ என்று ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு கப்பல் சாய்ந்து மூழ்கியது, இன்னொன்று சரக்கு தீப்பிடித்து எரிந்தது. இரண்டுக்கும் காரணம் வேறு. கரை மட்டும்தான் ஒன்று.

மணிமேகலைக் காப்பியத்தில் சாதுவன் போன கப்பல் உடைந்து அவன் நாகர் தீவில் ஒதுங்குகிற கதை நமக்குத் தெரியும். மேடை போட்டுச் சொல்கிறோம். அதே காப்பியத்தில் எது சரியான காரணம், எது போலிக் காரணம் என்று தர்க்கத்தை வரிசையாகப் பிரித்து வைத்த பகுதியும் இருக்கிறது. அதை மேடையில் யாரும் பேசுவதில்லை. தமிழ் எம்.ஏ. பரீட்சைக்கு மட்டும் படிக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

சரி, கப்பல் உண்மையில் எப்படிக் கவிழ்கிறது? இது ஒன்றும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. விளாத்திகுளத்து வத்தல் கமிஷன் கடையில் மூட்டை ஏற்றுகிறவரைக் கேட்டால் சொல்லிவிடுவார். உப்பு லாரி கவிழ்வது அபூர்வம். பாரம் அடியில் கிடக்கிறது. வத்தல் மூட்டை லாரி வளைவில் ஆடும். எடை குறைவுதான், ஆனால் உயரம். மேலே மேலே அடுக்கினால் பாரத்தின் நடு மேலே போகிறது. அது மேலே போகப் போக, சாய்ந்த வண்டி நிமிர்வது கஷ்டம்.

மிதப்பது வேறு, நிமிர்ந்து மிதப்பது வேறு. வாழைத்தண்டு மிதக்கும், ஆனால் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் உருளும். கன்டெய்னர் கப்பல் என்பது வத்தல் லாரியின் பெரியண்ணன். மேல்தட்டில் மாடி மாதிரி பெட்டி அடுக்குகிறார்கள். அதனால் அடியில் கனம் வேண்டும். அதற்காக வயிற்றுப் பக்கத்திலும் விலாப் பக்கத்திலும் டாங்குகள் வைத்து, கடல் தண்ணீரையே அடிப்பாரமாக ஏற்றுகிறார்கள். பாலாஸ்ட் என்பார்கள். துறைமுகத்தில் இடது பக்கப் பெட்டியை இறக்கினால் தண்ணீரை அதற்கேற்ப மாற்ற வேண்டும். ஏற்ற வேண்டும், இறக்க வேண்டும், கணக்குப் பார்க்க வேண்டும். மறந்தாலும், வால்வு ஒழுகினாலும், பம்பு மக்கர் செய்தாலும் கப்பல் ஒரு பக்கம் தலை சாய்க்கும்.

இங்கேதான் நம் பாட்டிமார்கள் கப்பல் இன்ஜினீயர்களுக்கு முன்னால் போய்விட்டார்கள். நிறைகுடம் தளும்பாது, குறைகுடம் கூத்தாடும். பெருமைக்காரனைக் கிண்டல் செய்யச் சொன்ன பழமொழி என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். கப்பல் சாஸ்திரத்தில் இது உயிர்நாடியான விதி. டாங்கு முழுக்க நிரம்பியிருந்தால் தண்ணீர் அசையாது, கல் மாதிரி கிடக்கும். காலியாக இருந்தாலும் ஆபத்தில்லை. பாதி நிரம்பியிருந்தால்தான் வினை. கப்பல் இடது பக்கம் சாய்ந்தால் உள்ளே இருக்கிற தண்ணீரும் இடது பக்கம் ஓடி, சாய்ந்ததை இன்னும் சாய்க்கும். தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு நடந்து பாருங்கள். இரண்டாவது எட்டில் புரிந்துவிடும். (வீட்டுக்காரம்மா பார்க்காத நேரத்தில் செய்யவும்.)

எல்சா 3-ல் தண்ணீர் ஏற்றி இறக்குகிற இந்த பாலாஸ்ட் ஏற்பாட்டில்தான் கோளாறு என்பது நம் கப்பல் துறை அதிகாரிகளின் முதல் கணிப்பு. முதல் கணிப்புதான், முடிவல்ல. ஆனால் தேடவேண்டிய இடம் அதுதான். வானத்தில் இல்லை, டாங்குக்குள்.

‘28 வருஷத்துப் பழைய கப்பல், அதான்’ என்று ஐந்தாவதாக ஒரு பதிலும் பத்திரிகைகளில் வந்தது. இதையும் உரசிப் பார்க்கலாம். கொழும்புக் கரையில் 2021 மே 20-ம் தேதி தீப்பிடித்து, ஜூனில் மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பலுக்கு வயசு என்ன தெரியுமா? நாலு மாசம்கூட ஆகவில்லை. புத்தம்புதுசு. அதில் ஒரு பெட்டியில் நைட்ரிக் அமிலம் ஒழுகிக்கொண்டிருந்தது. கப்பலில் இருந்தவர்களுக்கு நாள்கணக்கில் முன்பே தெரியும். கத்தாரில் ஹமாத் துறைமுகத்தில் இறக்கிக்கொள்ளச் சொன்னார்கள், முடியாது என்றார்கள். நம் குஜராத்தில் ஹசீராவில் கேட்டார்கள், அங்கும் முடியாது. ஒழுகுகிற பெட்டியோடு கொழும்புக்கு வந்து சேர்ந்தது. அப்புறம் ஆயிரம் டன்னுக்கு மேல் பிளாஸ்டிக் குருணை. செத்து ஒதுங்கிய ஆமைகள். நீர்கொழும்பு மீனவர்கள் கடலுக்குப் போகத் தடை. பழைய கப்பலும் மூழ்குகிறது, புதுக் கப்பலும் மூழ்குகிறது என்றால் வயசு மட்டும் காரணமில்லை. பழைய கப்பலுக்குப் பராமரிப்பு அதிகம் வேண்டும். செய்தார்களா என்று கேட்க வேண்டும். வயசைச் சொல்லி நிறுத்திக்கொள்வது சோம்பேறித்தனம்.

கேப்டன்? நம் ஆட்களுக்கு மிகவும் பிடித்த பதில். பஸ் கவிழ்ந்தால் டிரைவர், ரயில் மோதினால் பாயின்ட்ஸ்மேன், கப்பல் மூழ்கினால் கேப்டன். ஒரு கழுத்து கிடைத்தால் போதும், கயிறு தயார்.

1987 மார்ச் 6-ம் தேதி பெல்ஜியத்தின் ஸீப்ருகே துறைமுகத்தில் ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ் என்ற கப்பல் கிளம்பிய சில நிமிஷத்தில் கவிழ்ந்தது. 193 பேர் செத்தார்கள். கார்களை ஏற்றுகிற முன்கதவை மூடாமலே புறப்பட்டுவிட்டார்கள். கதவை மூடவேண்டிய ஊழியர் அறையில் தூங்கிப்போனார். ஆக, தூங்கியவன் குற்றவாளி, முடிந்தது கேஸ். அப்படித்தானே? விசாரணையில் அடுத்த கேள்வியும் கேட்டார்கள். கதவு திறந்திருப்பது கேப்டனுக்கு ஏன் தெரியவில்லை? அவர் நிற்கிற இடத்திலிருந்து கதவு தெரியாது. அப்படியானால் கதவு மூடியிருக்கிறதா என்று காட்ட ஒரு விளக்கு வைக்கலாமே? வைக்கச் சொல்லி அந்தக் கம்பெனியின் கேப்டன்கள் ஏற்கெனவே எழுதிக் கேட்டிருந்தார்கள். ஆபீஸில் இருந்தவர்கள் அதைக் கேலி செய்து குறிப்பு எழுதி ஒதுக்கி வைத்திருந்தார்கள். ஒரு பல்பு, சார். ஒரு பல்பு. கம்பெனியின் மேல்மட்டத்திலிருந்து கீழ்மட்டம் வரை அலட்சியம் பரவியிருந்தது என்று விசாரணை அறிக்கை எழுதியது. தூங்கியவரோடு நிறுத்தியிருந்தால் அந்த பல்பு வெளியே வந்திருக்காது.

தென் கொரியாவில் 2014 ஏப்ரல் 16-ல் சேவோல் கப்பல் கவிழ்ந்து 304 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் பள்ளிக்கூடப் பிள்ளைகள். பிள்ளைகளை உள்ளேயே இருக்கச் சொல்லிவிட்டுத் தான் மட்டும் தப்பித்த கேப்டனுக்கு ஆயுள் தண்டனை கொடுத்தார்கள். கொடுக்க வேண்டியதுதான். ஆனால் கப்பல் கவிழ்ந்தது அவர் ஓடியதால் இல்லை. அனுமதித்த அளவைவிட இரண்டு மடங்குக்கு மேல் சரக்கு ஏற்றியிருந்தார்கள். அப்படி ஏற்றினால் கப்பல் பக்கத்தில் போட்டிருக்கிற பாரக்கோடு தண்ணீருக்குள் போய்க் காட்டிக்கொடுத்துவிடுமே? அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். அடியில் இருந்த பாலாஸ்ட் தண்ணீரை இறைத்துக் கொட்டிவிட்டார்கள். மொத்த எடை சரியாகிவிட்டது, கோடு சரியான இடத்தில் நின்றது, பார்த்தவர் கையெழுத்துப் போட்டார். மேலே கனம், அடியில் காலி. வத்தல் லாரி.

அந்தப் பாரக்கோடு வந்த கதையும் தெரிந்துகொள்ள வேண்டியது. 19-ம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஓட்டைக் கப்பலில் அளவுக்கு மீறி ஏற்றி, நல்ல தொகைக்கு இன்ஷூரன்ஸும் எடுத்து அனுப்புவார்கள். போய்ச் சேர்ந்தால் லாபம், மூழ்கினால் இன்ஷூரன்ஸ். செத்தவன் மாலுமி. சவப்பெட்டிக் கப்பல் என்றே அவற்றுக்குப் பெயர். சாமுவேல் பிளிம்சால் என்ற எம்.பி. பார்லிமென்டில் கத்திக் கூச்சல் போட்டு 1876-ல் சட்டம் கொண்டுவர வைத்தார். ஒவ்வொரு கப்பலிலும் கோடு போட வேண்டும். ஆனால் முதலாளிகள் சும்மா இருப்பார்களா? கோட்டை எந்த இடத்தில் போடுவது என்பதைக் கப்பல்காரரே தீர்மானிக்கலாம் என்று சட்டத்தில் ஓட்டை வைத்தார்கள். அதை அடைக்க 1890-கள் வரை ஆனது. அதுவரைக்கும் கடல் கொந்தளித்துக்கொண்டுதான் இருந்தது. மாலுமிகளின் தலைவிதியும் சரியில்லாமல்தான் இருந்தது. கோடு சரியான இடத்துக்கு வந்ததும் விதி கொஞ்சம் திருந்திவிட்டது!

நம் மாவட்டத்தில் மூழ்கிய பெரிய கப்பல் ஒன்று உண்டு, அது தண்ணீரில் மூழ்கவில்லை. விளாத்திகுளத்துக்குப் பக்கத்து ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனி. 1906 அக்டோபரில் பதிவானது, 1907-ல் காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் வந்தன. 1911-ல் கம்பெனியையே மூடினார்கள். ‘வெள்ளைக்காரன் மூழ்கடித்தான்’ என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். பொய்யில்லை. டிக்கெட் விலையைக் குறைத்தான், இலவசமாகக் கூட்டிப்போனான், குடையும் கொடுத்தான். ஆனால் அவன் 1907-லும் அதே வெள்ளைக்காரன்தான், அதே பணக்காரன்தான். அப்போது ஓடிய கப்பல் பிறகு ஏன் ஓடவில்லை? 1908 மார்ச்சில் வ.உ.சி.யைப் பிடித்து உள்ளே போட்டார்கள். அதற்கு முன் வெளியே இருந்தார், அதற்குப் பின் உள்ளே இருந்தார். மாறியது அது. 1912 டிசம்பரில் அவர் வெளியே வந்தபோது காலியா எந்த வெள்ளைக்காரக் கம்பெனியோடு போட்டி போட்டதோ அந்தக் கம்பெனிக்கே விற்கப்பட்டிருந்தது. ஒரு மனிதர் உள்ளே போனதும் அந்த இடத்தில் நிற்க பங்குதாரர்களில் இன்னொருவர் ஏன் இல்லை? இந்தக் கேள்வியைக் கேட்டால் சிலருக்குக் கோபம் வருகிறது. வரட்டும். வ.உ.சி.க்கு மாலை போடுகிறவர்கள் கேட்டே ஆக வேண்டிய கேள்வி அது.

இவ்வளவு மெனக்கெட்டு ஏன் என்று ஆராய்ந்து என்ன ஆகப்போகிறது, மூழ்கியது மூழ்கியதுதானே என்கிறீர்களா? இங்கேதான் காசு இருக்கிறது.

சரக்குக் கப்பல்களுக்கு 1924-ல் சர்வதேச விதிகள் எழுதினார்கள். நம் நாட்டுச் சட்டமும் அதை வைத்துத்தான். சரக்கு நாசமானால் கப்பல்காரர் நஷ்டஈடு தர வேண்டியதில்லை என்பதற்கு அதில் ஒரு பட்டியல் இருக்கிறது. கடலின் ஆபத்து, தெய்வச் செயல், கேப்டனும் மாலுமிகளும் கப்பலை ஓட்டியதில் செய்த தவறு, எதிரிகளின் செயல்... டீக்கடையில் சொன்ன நாலு பதிலையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். வானிலை, ஆண்டவன், கேப்டன், சதி. அப்படியே நாலும் பட்டியலில் இருக்கின்றன! நம் அண்ணாச்சிமார்கள் ஒரு டீயைக் குடித்துக்கொண்டே, பைசா வாங்காமல், கப்பல் கம்பெனிக்கு வக்கீல் வேலை பார்த்துக் கொடுத்துவிட்டார்கள்.

அந்த விதியில் கம்பெனியைப் பிடிக்கிற கொக்கியும் ஒன்று உண்டு. புறப்படும் முன் கப்பல் கடலுக்குப் போகத் தகுதியாக இருந்ததா, அதற்கு முதலாளி உரிய கவனம் எடுத்தாரா? கரைக்கு நேர்ந்த நாசத்துக்கு வேறு சட்டங்கள் இருக்கின்றன. அங்கேயும் 1976-ம் வருஷத்து ஒப்பந்தப்படி கப்பலின் அளவை வைத்து ஒரு உச்சவரம்பு கட்டி, அதற்கு மேல் தரமாட்டேன் என்று முதலாளி சொல்லலாம். வேண்டுமென்றேயோ, நாசம் வரும் என்று தெரிந்தும் துணிந்தோ அவரே செய்த காரியத்தால் நடந்தது என்று நிரூபித்தால்தான் அந்த வரம்பு உடையும். ஆக ‘ஏன் மூழ்கியது?’ என்பது பட்டிமன்றத் தலைப்பு இல்லை. அதன் பதிலில் கோடிகள் தொங்குகின்றன. கேரள அரசு 9,531 கோடி ரூபாய் கேட்டு உயர் நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது. மீனவக் குடும்பத்துக்கு உடனடி நிவாரணமாக அந்த அரசு அறிவித்தது ஆயிரம் ரூபாயும் ஆறு கிலோ அரிசியும். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருப்பது அந்த ‘ஏன்’தான்.

2012 அக்டோபர் 31-ம் தேதி நிலம் புயலில் சென்னைக் கடற்கரையில் தரைதட்டிய பிரதிபா காவேரியை ஞாபகம் இருக்கிறதா? பெசன்ட் நகரில் போய் செல்போனில் படம் எடுத்துக்கொண்டோமே! 37 பேர் இருந்த கப்பல். உயிர்ப்படகில் இறங்கியவர்களில் ஆறு பேர் இறந்தார்கள். புயல் கொன்றது என்றோம். அதற்கு முன் வாரக்கணக்கில் அந்தக் கப்பல் எண்ணெய் இல்லாமல், ஒழுங்கான சாப்பாடும் குடிதண்ணீரும் இல்லாமல், சம்பளம் இல்லாமல் நங்கூரமிட்டுக் கிடந்தது. புயல் வருகிறது என்று தெரிந்தும் நகர எண்ணெய் இல்லை. மற்ற கப்பல்கள் ஆழ்கடலுக்கு நகர்ந்துவிட்டன. தரைதட்டிய கப்பல் உடையக்கூட இல்லை. கொஞ்ச நாளில் இழுத்து மிதக்கவிட்டார்கள். புயலுக்கு வைத்த பெயர் நிலம். அந்த ஆறு பேர் செத்ததற்கு நாம் வைக்க மறந்த பெயர் சம்பள பாக்கி.

நம் கடற்கரையில் முத்துக் குளித்த காலத்தில் ஒரு ஏற்பாடு இருந்ததாகச் சொல்வார்கள். (1961-க்குப் பிறகு இங்கே முத்துக்குளிப்பு நடக்கவில்லை.) காலில் கல்லைக் கட்டிக்கொண்டு ஒருவர் கீழே இறங்குவார். மேலே தோணியில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நிற்பார். அவர் கீழே போனவரின் மச்சானாக இருப்பார், பெண்டாட்டியோடு பிறந்தவர். கயிறு அசைந்ததும் இழுக்கத் தவறினால் விதவையாகப் போவது சொந்த அக்கா, தங்கச்சி. எந்த இன்ஸ்பெக்டரும் வேண்டாம், எந்தக் கோடும் வேண்டாம். இழப்பு யாருக்கோ அவர் கையில்தான் கயிறு.

எல்சாவின் கயிறு யார் கையில் இருந்தது? முதலாளி ஜெனீவாவில், கொடி லைபீரியாவில், மாலுமி மணிலாவில், சரக்கு வேறு யாருடையதோ. இழப்பு மட்டும் ஆலப்புழையிலும் கன்னியாகுமரியிலும். கடல் அலையைவிட இந்த ஏற்பாடுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

ஜெனீவா வரைக்கும் போவானேன். இதே தூத்துக்குடி மாவட்டத்தில் மணப்பாட்டில் 2017 பிப்ரவரியில் சுற்றுலா வந்த குடும்பங்களை மீன்பிடிப் படகில் திணித்து ஏற்றிக்கொண்டு போய்ப் படகு கவிழ்ந்தது. பெண்களும் பிள்ளைகளும் செத்தார்கள். பலர் உடம்பில் உயிர்காப்பு மிதவை இல்லை. அப்போதும் ‘திடீர் அலை’ என்றுதான் ஊர் பேசியது. கடலில் திடீர் அலை வராமல் பின்னே எங்கே வரும்?

தர்க்கம் ஜெயிக்காது என்று சலித்துக்கொள்ளாதீர்கள். எக்ஸ்பிரஸ் பேர்ல் விஷயத்தில் இலங்கையில் கேள்வியை விடாமல் பிடித்தார்கள். ஒழுகிய பெட்டியின் உண்மை நிலையைக் கப்பல்காரர்கள் துறைமுகத்துக்கு ஒழுங்காகச் சொல்லாமல் மறைத்தார்கள் என்று 2025 ஜூலையில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பு எழுதி, 100 கோடி டாலர் நஷ்டஈடு தரச் சொன்னது. பணம் கைக்கு வருகிறதா என்பது தனிச் சண்டை. ஆனால் தீர்ப்பில் ‘கடல்’ என்றோ ‘நேரம்’ என்றோ காரணம் எழுதப்படவில்லை. மனிதர்கள் செய்த காரியம் எழுதப்பட்டிருக்கிறது.

எல்சா விஷயத்தில் நமக்குத் தெரிய வேண்டியது ரொம்பப் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. விழிஞ்ஞத்திலிருந்து கிளம்பியபோது எந்த டாங்கில் எவ்வளவு தண்ணீர் இருந்தது? கப்பல் நேராக நின்றதா, அப்போதே சாய்ந்திருந்ததா? கடைசியாக வால்வையும் பம்பையும் சோதித்தது யார், எந்தத் தேதியில்? எந்த எடைப் பெட்டி எந்த அடுக்கில் இருந்தது? இவற்றில் ஏதாவது சரியில்லை என்று கப்பலில் இருந்து யாராவது ஆபீஸுக்கு எழுதியிருந்தார்களா, எழுதியிருந்தால் அதற்கு என்ன பதில் வந்தது? இவ்வளவுக்கும் விடை எழுதிய விசாரணை அறிக்கை முழுசாக வெளியே வர வேண்டும். இங்கிலீஷில் மட்டும் வந்தால் போதாது. மலையாளத்திலும் தமிழிலும் வர வேண்டும். கன்னியாகுமரி மணலில் குனிந்து அந்தக் குருணையைப் பொறுக்கியவர்களுக்கு அதைப் படிக்க உரிமை இருக்கிறது.